தனி வீட்டுக்குப் போன அரசன்

விழுந்த அரியணைகள் – 11

போன வாரம் லாகீஸ் பட்டணத்தில் ஒரு பிணத்தோடு நிறுத்தியிருந்தோம்.

ஏதோமியரை ஜெயித்த மிதப்பில் இஸ்ரவேலின் அரசன் யோவாசை வம்புக்கு இழுத்தான் அமத்சியா. பெத்ஷிமேசில் தோற்றான். எருசலேமின் மதிலில் எப்பிராயீம் வாசல் தொடங்கி மூலைவாசல் வரை நானூறு முழத்தை யோவாஸ் இடித்துத் தள்ளினான். கடைசியில் சொந்த ஆட்களே சதி செய்து, லாகீசுக்குத் தப்பி ஓடியவனைத் துரத்திப்போய்க் கொன்றார்கள். குதிரைமேல் பிணமாக ஊர் திரும்பினான் யூதாவின் அரசன்.

அவனுக்கு ஒரு மகன். வயது 16. மக்கள் எல்லாரும் கூடி அந்தப் பையனை அரியணையில் உட்காரவைத்தார்கள். அப்பனின் தலைக்கனத்துக்கு இடிந்த மதிலைத் தினமும் பார்த்துக்கொண்டே ஆளவேண்டிய நிலை அவனுக்கு.

*

பையனுக்கு வேதாகமத்தில் இரண்டு பெயர் உண்டு. ராஜாக்களின் புத்தகத்தில் அவன் பெரும்பாலும் அசரியா. நாளாகமத்தில் உசியா.

அசரியா என்றால் கர்த்தர் உதவினார் என்று பொருள். உசியா என்றால் கர்த்தரே என் பலம். இரண்டும் நல்ல பெயர்கள்தான். ஆனால் இந்த மனிதனின் கதை முழுக்க முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் நடுவில் கிடக்கிறது. நாளாகமத்தை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பலப்படும்வரை அவன் ஆச்சரியமாக உதவி பெற்றான் என்று எழுதும்போது, உதவி என்பதற்கு அசரியா என்ற பெயருக்குள் இருக்கும் அதே எபிரேய வேர்ச்சொல்லைத்தான் கையாளுகிறார். அடுத்த வரியிலேயே விழுகை தொடங்கிவிடுகிறது.

அதற்கு முன் வெற்றிகள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெற்றிகள் எல்லா அரசனுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெலிஸ்தியரின் காத், யப்னே, அஸ்தோத் ஆகிய ஊர்களின் மதில்களை இடித்தான். தெற்கே கடல்முனையில் ஏலோத் துறைமுகத்தை மீட்டுக் கட்டினான். அம்மோனியர் காணிக்கை கொண்டுவந்தார்கள். அவன் படைக்கு 2,600 தலைவர்கள், 3,07,500 வீரர்கள் என்று கணக்குச் சொல்கிறது நாளாகமம். அம்பும் பெருங்கல்லும் எறியும் பொறிகளைக் கோபுரங்கள்மேல் ஏற்றினான். 52 ஆண்டு அரியணை அவனுடையது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அந்த மலைநாட்டில் யாருக்கும் சுலபத்தில் கிடைக்காத காலம் அது.

மூலைவாசலிலும் கோபுரம் எழுப்பினான். கவனியுங்கள், அப்பன் இடிபடவிட்ட மதில் முடிந்த அதே இடம். அப்பனின் அவமானத்தைக் கல் கல்லாக அடுக்கி மூடிவிட்டான் மகன். மதில் ஏன் இடிந்தது என்பதையும் சேர்த்து மூடிவிட்டானோ என்னவோ.

இன்னொன்றும் செய்தான். வனாந்தரத்தில் கிணறு கிணறாக வெட்டினான். மலைகளில் திராட்சைத் தோட்டக்காரரை அமர்த்தினான். மண்மேல் ஆசைப்பட்ட அரசன் என்று வேதாகமம் தனியாகக் குறிப்பிடுவது இவனைத்தான். பாலாற்றங்கரைக்காரனான எனக்கு இந்த இடம் வந்தால் கொஞ்சம் நிற்கத் தோன்றும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தென்னந்தோப்புக் கிணறுகளில் தோல் ஷாப்புக் கழிவின் உப்பு இறங்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் பெரிய தீர்ப்பாக வந்தது. கிணறு வெட்டிய அரசனை நாளாகமம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. கிணற்றைக் கெடுத்தவர்களை எந்த நாளாகமம் எழுதுமோ, அது வேறு தொடர்.

*

இப்போது அந்த நாளுக்கு வருவோம்.

எருசலேம் ஆலயத்தின் பிராகாரத்தில் பலிபீடம் இருக்கும். அரசர்களான தாவீதும் சாலொமோனும்கூடப் பலி செலுத்தியது திறந்த வெளியில் இருந்த பீடங்களில்தான். பலிபீடத்தைத் தாண்டி உள்ளே ஒரு கூடம். அங்கே ஆரோனின் வம்சத்து ஆசாரியர்கள் மட்டும் நுழையலாம். அந்தக் கூடத்தில், திரைக்கு முன்னால், தூபபீடம்.

மோசேயின் காலத்தில் அதற்குக் கொடுத்த அளவு ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். நம் வீட்டில் குத்துவிளக்கு வைக்கிற முக்காலியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மூன்று லட்சம் வீரர்களை வைத்திருந்தவன் இடறி விழுந்தது அதில்.

ஏன் உள்ளே போனான்? அண்டை நாட்டு அரசர்கள் எல்லாம் ராஜாவும் ஆசாரியனும் தாங்களே என்று இருந்தார்கள். வடக்கே பெத்தேலில் பழைய யெரொபெயாம் தானே பீடத்தண்டையில் நின்று தூபம் காட்டியவன். நாம் மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்று உசியா நினைத்திருக்கலாம். என் அபிப்பிராயம் அதைவிடச் சின்னது. திறக்கச் சொன்னால் திறக்காத கதவு அவனுடைய ராஜ்யத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எல்லாக் கதவும் திறந்து பழகியவனுக்கு அந்த ஒன்று உறுத்தும்.

தூபகலசத்தைக் கையில் எடுத்தான். உள்ளே நடந்தான்.

பின்னாலேயே ஓடி வந்தவர் பிரதான ஆசாரியர். அவர் பெயரும் அசரியா. அரசன் எந்தப் பெயரை விட்டு விலகி வந்துகொண்டிருந்தானோ அதே பெயர், உயிரோடு எழுந்து வந்து குறுக்கே நிற்கிறது. அவரோடு 80 ஆசாரியர்கள். திடமானவர்கள் என்று நாளாகமம் அழுத்திச் சொல்கிறது. அது உடல்பலத்தைச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பல வருட அரியணைக்கு எதிரே நிற்க வேறு ஒரு திடம் வேண்டும்.

அவர்கள் அவனைத் தொடவில்லை, இழுக்கவில்லை. வழியை மறித்து நின்று சொன்னார்கள், அவ்வளவே. இது உமக்குரிய வேலை இல்லை, வெளியே போம், இதனால் உமக்கு மேன்மை வராது என்று.

அந்தக் கூடத்தில் சன்னல் வெளிச்சம் குறைவு. குத்துவிளக்குகளின் ஒளி. ஒரு அரசன், கையில் புகையும் கலசம். எதிரே எண்பத்தொரு பேர். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ.

அவன் உள்ளே நுழைந்தபோது ஒன்றும் ஆகவில்லை. கலசத்தை ஏந்தியபோதும் ஆகவில்லை. திரும்பிப் போக அவனுக்கு அவகாசம் இருந்தது. சொன்னவர்கள்மேல் கோபம் மூண்டதே, அப்போதுதான் அவன் நெற்றியில் வெள்ளைத் தழும்பு தோன்றியது.

நெற்றியில் ஏன்? பிரதான ஆசாரியர் தம் நெற்றியில் ஒரு பொற்தகடு கட்டியிருப்பார், தாம் கர்த்தருக்கென்று ஒதுக்கப்பட்டவர் என்று பொறித்த தகடு. அந்தத் தகட்டுக்குரிய இடத்தில்தான் அரசனுக்கு அடையாளம் விழுந்தது. இன்னொன்று, தன் நெற்றியை ஒருவன் தானே பார்க்க முடியாது. எதிரே நின்ற எண்பத்தொரு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அவன் அறிந்திருப்பான்.

அவர்கள் அவனை வெளியே தள்ள விரைந்தார்கள். அவனும் தானாகவே வெளியே போக அவசரப்பட்டான்.

*

இந்தக் கதையை வேறு ஊர்க்காரர்கள் இதோடு முடித்து, பெருமை கூடாது என்று ஜெபம் சொல்லிவிடலாம். வேலூர்க்காரன் அப்படி முடிக்க முடியாது.

சின்ன வயதில் ஆம்பூர்ப் பக்கத்து ஒரு சபையில் உசியாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். போதகர் நன்றாகப் பேசக்கூடியவர். பாவம் செய்தான், குஷ்டரோகி ஆனான், பாவமே குஷ்டம் என்று ஒரு வரியில் மூன்று தரம் முழங்கினார். நான் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே கழற்றிப்போட்ட செருப்புகளில் ஒரு ஜோடி மற்றவற்றைப்போல் இல்லை. கறுப்பு, தடித்த அடி, பின்னால் வார், முன்னால் பக்கிள். அந்தச் செருப்பை எங்கள் பக்கத்தில் பார்த்தவுடன் எல்லாருக்கும் புரியும். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்த ஜோடி இல்லை.

அன்றைக்குப் பிரசங்கம் யாருக்குக் குத்தியதோ தெரியாது. அவருக்குக் குத்தியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் என்று வருவது எபிரேயத்தில் ‘ட்சாராத்’. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவரிடம் முழுதாகப் படித்துக் காட்டிப் பாருங்கள். பாதிவரை அமைதியாகக் கேட்பார். பிறகு நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் அந்த அதிகாரத்தின் பிற்பகுதியில் இந்த நோய் கம்பளித் துணிக்கு வருகிறது, சணல்துணிக்கு வருகிறது, தோலுக்கும் தோலால் செய்த பொருளுக்கும் வருகிறது. பச்சையாகவோ சிவப்பாகவோ படர்ந்தால் ஆசாரியனிடம் காட்டு, ஏழு நாள் அடைத்துவைத்துப் பார், கழுவு, மறுபடி பார் என்கிறது. மழைக்காலத்தில் குடோனில் அடுக்கிய தோலில் பூஞ்சை பூப்பதைப் பார்த்தவருக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கே அது வருகிறது.

ஆக, ட்சாராத் ஒரு நோயின் பெயராக இருந்திருக்க முடியாது. படர்ந்து நிறம் மாறுகிற பலவற்றுக்கும் பொதுப்பெயர். கிரேக்கத்தில் அதை ‘லெப்ரா’ என்றார்கள், தமிழில் குஷ்டம் என்றார்கள். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்த கிருமியால் வரும் தொழுநோய்க்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தொழுநோயின் முதல் அடையாளம் தேமலில் உணர்ச்சி இல்லாமல் போவது. லேவியராகமம் இரண்டு நீண்ட அதிகாரங்களில் நிறம், மயிர், ஆழம், படர்வு எல்லாம் சொல்கிறது. உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உசியாவின் நெற்றியில் வந்தது என்ன நோய் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லின் பாரத்தை எத்தனையோ தலைமுறை நோயாளிகள் சுமந்திருக்கிறார்கள். தமிழில் இப்போது தொழுநோய் என்று எழுதுகிறோம். சொல் மாறியிருக்கிறது. செருப்பைப் பார்க்கிற கண் மாறியதா என்பது வேறு கேள்வி.

*

காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரிகிரி. கரி என்றால் யானை, கிரி என்றால் மலை. யானை படுத்ததுபோல் ஒரு குன்று. அதன் அடிவாரத்தில் 1955இல் தொழுநோய்க்கென்று ஷிஃபெலின் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. அதன் கதை தொடங்குவது அதற்கும் சில வருடம் முன்னால், செங்கல்பட்டில்.

பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், மிஷனரி தம்பதியின் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். வந்த கொஞ்ச காலத்தில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் பொறுப்பில் இருந்தார். மடங்கிப்போன விரல்களோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, இது ஏன் இப்படி மடங்குகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார் பிராண்ட். எலும்பு மருத்துவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும், இதுவரை உங்கள் ஆட்கள் யாரும் வந்து பார்க்கவில்லை என்ற மாதிரி பதில் வந்தது.

ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, இறுக்கிப் பிடி என்றார் பிராண்ட். செத்த கை, வலுவே இருக்காது என்று நினைத்தார். அந்தப் பிடியில் அவருக்குச் சுரீரென்று வலித்தது. அழுத்திப் பிடித்தவருக்கு எதுவும் தெரியவில்லை.

கையில் தசை உயிரோடு இருக்கிறது, உணர்ச்சிதான் இல்லை. அந்தச் சுரீரிலிருந்து எல்லாம் தொடங்கியது. 1948இல் வேலூரில் தொழுநோயாளி ஒருவரின் கைக்கு முதல் தசைநாண் மாற்று அறுவை நடந்தது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்த்திய விரல்களே மறுபடி தேய்ந்தன. தொழுநோய் விரலைத் தின்கிறது என்றுதான் ஊரும் நம்பியது, மருத்துவமும் நம்பியது. பிராண்டும் அவர் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு காயத்தையும் துருவினார்கள். கிருமி நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. மீதியைச் செய்வது அன்றாட வாழ்க்கை. சுடு டம்ளர், அடுப்புக் கட்டை, மண்வெட்டிப் பிடி, துருப்பிடித்த பூட்டு. சிலருக்கு இரவில் தூங்கி எழுந்தால் விரலில் சதை குறைந்திருந்தது. எலி. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. அதன்பிறகு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். மருந்துச்சீட்டில் பூனை எழுதிய மருத்துவமனை உலகத்தில் வேறு எங்காவது இருந்ததா தெரியாது.

காலுக்குச் செருப்பு. அடிப்பாகம் பஞ்சு போன்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். நடக்கும்போது பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடும். இந்தச் செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது. சாதாரணச் செருப்பில் ஒரு ஆணி மேலே வந்தால் இரண்டாவது அடியிலேயே நாம் கழற்றிவிடுவோம். உணர்ச்சி இல்லாத கால் அந்த ஆணிமேல் பத்து மைல் நடக்கும். ஷூ தைத்தே பிழைக்கும் ஒரு நிலப்பகுதியின் ஓரத்தில், ஆணி இல்லாமல் செருப்பு செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அந்தச் செருப்பு காலைக் காப்பாற்றியது. அதுவே தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

பிராண்டின் வாழ்வில் ஒரு இரவு உண்டு. நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் ஒரு அறையில் சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியில்லை என்று பட்டது. ஊசியை எடுத்துக் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்து விடியவிடியப் படுத்திருந்தார். மனைவி, பிள்ளைகள், வேலை எல்லாம் போய்விட்டதாக ஒவ்வொன்றாக எண்ணினார். காலையில் மறுபடி குத்திப் பார்த்தார். துள்ளும்படி வலித்தது. பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

*

கரிகிரியைச் சுற்றிவிட்டு உசியாவிடம் திரும்பினால் அந்த அதிகாரம் வேறு மாதிரி படிக்கக் கிடைக்கிறது.

சொல்லும்போதே எனக்குத் தயக்கம். நோயைப் பாவத்துக்கு உவமையாக்கக் கூடாது என்று மேலே எழுதிவிட்டு, இங்கே நானும் அதையே செய்யப்போகிறேனோ? எனவே உவமையை அவனிடமிருந்து எடுக்கவில்லை. கரிகிரிக்காரர்களிடமிருந்து எடுக்கிறேன்.

அங்கே நோயாளிகளுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவை, தேய், எண்ணெய் தடவு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். கண்ணுக்குத் தெரியாத இடமென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல். வலி சொல்லவேண்டியதைக் கண் சொல்லட்டும். வலி போனவர்கள், தங்களுக்கு வலி இல்லை என்று தெரிந்துகொண்டதால், விரலைக் காத்துக்கொண்டார்கள்.

உசியாவுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். சகரியா. தீர்க்கதரிசி சகரியா வேறு, இவர் வேறு. தேவ தரிசனங்களில் தெளிவுள்ளவர் என்று ஒரே ஒரு வரி அவரைப் பற்றி. அவர் இருந்த நாட்களில் அரசன் தேவனைத் தேடினான் என்கிறது நாளாகமம். பிறகு அவர் பெயரே வரவில்லை. செத்திருக்கலாம், ஓய்ந்திருக்கலாம். அவருக்குப் பின் கோபுரம் வருகிறது, கிணறு வருகிறது, பொறி வருகிறது, புகழ் தூரதேசம் போகிறது. அரசனைக் குத்திப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை.

அந்தக் கூடத்தில் 80 பேர் வந்து நின்றது அவனுக்கு மிச்சமிருந்த வலி. அதைத்தான் அவன் கோபித்துக்கொண்டான். நெற்றி வெளுக்குமுன்பே மரத்துப்போயிருந்தான் என்று சொல்வேன். எனவே அவன் தானாகவே வெளியே விரைந்தான் என்ற அந்த ஒற்றை வாக்கியத்தை எந்தப் பிரசங்கியும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவனுக்கு ஏதோ சுரீரென்று தைத்திருக்கிறது.

ராஜாக்களின் புத்தகம் இவ்வளவு பேசாது. மொத்தமே 7 வசனம். கர்த்தர் அரசனை வாதித்தார் என்று சொல்லிவிட்டு, காரணம் சொல்லாமல் கடந்துபோகிறது. நாளாகமம் 23 வசனம் எழுதிக் காரணத்தையும் சொல்கிறது. ஒரே மனிதனின் நோய்க்கு ஒரு புத்தகம் காரணம் சொல்கிறது, இன்னொன்று வாய்மூடி இருக்கிறது. இரண்டையும் ஒரே வேதாகமத்தில் பக்கம் பக்கமாகக் கட்டி வைத்திருக்கிறோம். படுக்கையில் கிடக்கிற யாரைப் பார்க்கப் போனாலும் முதல் புத்தகத்தின் மௌனத்தை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

*

பிறகு தனி வீடு.

அரசன் சாகும்வரை ஒரு புறம்பான வீட்டில் இருந்தான். மகன் யோதாம் அரமனையைப் பார்த்துக்கொண்டான், நியாயம் விசாரித்தான். அந்த வீட்டுக்கு எபிரேயத்தில் உள்ள பெயர் விநோதமானது. அதன் வேரில் விடுதலை என்ற பொருள் இருக்கிறது. வேலையிலிருந்து விடுபட்டவனின் வீடு என்று சிலர் விளக்குவார்கள். விடுதலை வீடு என்று பெயர் வைத்து உள்ளே அடைப்பது எந்தக் காலத்திலும் அரசாங்கங்களுக்குக் கைவந்த வேலை.

விழுந்த அரசனின் தனி வீடு வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒன்று இருக்கிறது. இலங்கையின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 16 வருடம் இருந்து 1832இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அவன் சமாதி. பக்கத்து மகால்களில் திப்புவின் குடும்பம் இருந்தது. அகழி நிறையத் தண்ணீர், உள்ளே விருதுகளை இழந்த அரசர்கள். உசியாவின் கடைசி நாட்களைக் கற்பனை செய்ய எனக்கு எருசலேம் போகவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

அரசர்களுக்கு மட்டுமா? 1898இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. தெருவில் திரிகிற ஏழைத் தொழுநோயாளியைப் பிடித்துத் தனியே அடைக்கலாம் என்றது. அந்தச் சட்டத்தை முழுதாக நீக்கியது 2016இல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் அதைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு, கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட, 2019இல்தான் எடுக்கப்பட்டது. பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. மருந்து நோயைக் குணப்படுத்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் தனி வீடு சட்டப் புத்தகத்தில் இருந்தது.

உசியா செத்த பிறகும் தனியாகவே வைத்தார்கள். அரசர்களின் கல்லறையில் இடமில்லை, அதை ஒட்டிய நிலத்தில் அடக்கம் செய்தார்கள். அதற்கும் பல நூறு வருடம் கழித்து, இயேசுவின் காலத்தை ஒட்டி, யாரோ அவன் எலும்புகளை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்கு ஒரு கல்வெட்டு சாட்சி. ஒலிவ மலையில் ஒரு ரஷ்ய மடத்தில் கிடந்த அந்தப் பலகையை 1931இல் சுகெனிக் என்ற அறிஞர் அடையாளம் கண்டார். அரமேய மொழியில் நாலு வரி. யூதாவின் அரசன் உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன என்று சொல்லி, திறக்கக் கூடாது என்று முடிக்கிறது. ஏழு நூறு வருடம் கழித்தும் அந்த எலும்புக்குக் கதவு மூடியே இருந்திருக்கிறது.

மத்தேயு மட்டும் திறந்தார். இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாற்றில், முதல் அதிகாரத்திலேயே, யோதாமுக்குத் தகப்பனாக உசியாவின் பெயரை எழுதினார்.

*

இந்த வாரம் இன்னொரு ஆளைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்றே.

உசியாவின் வரலாற்றை முழுதாக எழுதியவர் ஆமோத்சின் மகன் ஏசாயா என்கிறது நாளாகமம். அந்தப் புத்தகம் நமக்குக் கிடைக்கவில்லை. யூதர்களின் மரபுச் செய்தி ஒன்று உண்டு. ஆமோத்ஸ் அமத்சியாவின் சகோதரன் என்பது அது. அப்படியென்றால் ஏசாயாவும் உசியாவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். தனி வீட்டின் வாசல்படியை ஏசாயா மிதித்திருப்பாரா?

உசியா செத்த வருடத்தில் ஏசாயா ஆலயத்தில் ஒரு காட்சி கண்டார். அரியணை காலியாகிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உயரமான ஒரு சிங்காசனத்தைக் கண்டார். ஆலயம் புகையால் நிறைந்தது. உசியாவின் கையிலிருந்த கலசத்தின் புகை நின்ற அதே ஆலயம்.

ஏசாயா நடுங்கினார். என் உதடுகள் அசுத்தமானவை என்று அலறினார். ஏன் உதடு? கையென்று சொல்லவில்லை, இருதயம் என்றும் சொல்லவில்லை. லேவியராகமம் 13இல் ட்சாராத் வந்தவனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது, மேலுதட்டை மூடிக்கொண்டு, தீட்டு தீட்டு என்று கூவ வேண்டும் என்று. ஏசாயா தம்முடைய வாயில் எடுத்த சொல்லும் அதே தீட்டுதான். தன்னைத் தனி வீட்டுக்காரனோடு சேர்த்து நிறுத்திக்கொள்கிறார்.

வெளியே போ என்று எந்த ஆசாரியனும் சொல்லவில்லை. ஒரு சேராபீன் பீடத்திலிருந்து நெருப்புத்தழலைக் குறட்டால் எடுத்துக்கொண்டு அவரை நோக்கிப் பறந்து வந்தான்.

அரசன் தேடிப்போனபோது அவன் நெற்றியில் தழும்பைப் போட்டு அனுப்பிய அந்தப் பரிசுத்தம், ஒதுங்கி நின்றவனின் உதட்டைத் தானே தேடி வந்தது எதற்காக? அந்தத் தழல் பட்டபோது ஏசாயாவுக்கு வலித்ததா?

(தொடரும்)